ஜப்பானுக்குச் செல்லும் பிள்ளைக்கு



சென்ற சித்திரைத் திங்களில் ஒரு நாள், செபமாலை முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளை, வளையமாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார் நம்மைக் காண வந்தனர். தகப்பனார், தாயார், பாட்டி, பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள் என நால்வர். ஜப்பானியப் பண்பாட்டை நேரில் கண்டறியும் பொருட்டு, கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஒரு மாணவர் குழு அந்நாட்டிற்குச் செல்லவிருக்கிறது. அக்குழுவில் இப்பெண்ணுக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் செலவில் ஒரு பகுதியை வீட்டார் ஏற்க வேண்டும்.

“சாமி, கையில் இருப்பது நிலம் போன பணம். அதை எடுத்துக் கொடுத்தால், பூப் பார்த்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வருவாள். இதனால் வீட்டுக்கு என்ன பயன்? நீங்களே சொல்லுங்கள்” என்றார் தகப்பனார். மகள் ஒன்றும் பேசாமல் தூணருகே நின்றாள்.

வளையமாதேவி என்றதும் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் வாசகர் பலருக்கு நினைவில் எழும். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டு, பரவனாற்றை மாற்றுவழியில் திருப்பும் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சைப் பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய ஊர் அது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது ஒரு தரப்பு. உழுது விதைத்தவன் கண்ணெதிரே பயிரை அழிக்கலாமா என்றது மறு தரப்பு. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கை ஈண்டு விசாரிக்க நாம் முற்படவில்லை. அத்தகப்பனார் கையிலிருந்த பணத்தின் கனம் எத்தகையது என்பதை வாசகர் உணர வேண்டும் என்றே இதனைக் குறிப்பிட்டோம்.

உடனே விடை கூற நமக்குத் துணிவு வரவில்லை. “ஞாயிறு திருப்பலிக்குப் பின் பேசுவோம்” என்று சொல்லி அனுப்பினோம். அந்நாட்களில் நாம் எண்ணிப் பார்த்தவற்றையே இத்திங்கள் எழுதுகிறோம். இக்கேள்வி இனிப் பல வீடுகளில் எழக்கூடும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும், ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே ஐந்து இலட்சம் பேர் சென்றுவர வழிசெய்ய இசைந்துள்ளன.

பிற நாட்டின் பண்பாட்டை அறியப் புறப்படுவோர்க்கு முதற்பாடம் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்விலேயே உள்ளது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தோரை அருகில் அமர்த்திச் செபங்களைத் தமிழில் ஆக்கி, சிறு பிள்ளையைப் போல் மனப்பாடம் செய்தார். பின்னர் 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் கற்றுக்கொடுத்தபடி, இறைவனைக் குறிக்கத் ‘தைனிச்சி’ என்ற சொல்லைக் கையாண்டு போதித்தார். அது அந்நாட்டுப் பௌத்தப் பிரிவொன்று போற்றும் புத்தரின் பெயர் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. அறிந்ததும் அச்சொல்லை விடுத்து, ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லையே வழங்கலானார். புனிதரே பிழை செய்து திருந்திக் கற்றார் எனில், மூன்று வாரத்தில் ஒரு நாட்டை அறிந்துவிட்டதாக எண்ணும் துணிவு எவருக்கும் ஆகாது.

இரண்டாம் பாடம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வு மாணவராக வந்தவர் நொபொரு கராஷிமா. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர்காலச் சிற்றூர்களின் கல்வெட்டுகளைப் படித்து, அங்கு நிலம் எவரிடம் எவ்வாறு இருந்தது என்று ஆராய்ந்தார். பின்னாளில் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கிய அவருக்கு 2013இல் நம் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. கடல் கடந்து வந்த ஒருவர் நம் சிற்றூரைப் பார்த்து, ‘இந்த நிலம் யாருடையது?’ என்று கேட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு வியப்பே மேலிடுகிறது. வளையமாதேவிப் பிள்ளையிடம் அக்கேள்வி பிறவியிலேயே இருக்கிறது. அதனை அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது என்று நமக்குத் தோன்றிற்று.

ஞாயிறன்று நால்வரும் வந்தனர். குழு நாகசாகிக்கும் செல்லும் என்று பெண் தெரிவித்தாள். “அம்மா, தேநீர்ச் சடங்கும் மலரலங்காரமும் பார், குறையில்லை. ஆனால் நாகசாகியில் இரண்டு இடங்களை விட்டுவிடாதே” என்று சொன்னோம்.

முதலாவது ஓவுரா ஆலயம். 1614இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1644இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் மறைசாட்சியாய் மடிந்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கு குருவில்லை, திருப்பலியில்லை. எனினும் உழவரும் மீனவருமான எளிய மக்கள் பெற்றோர் வாய்மொழியாகப் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். தாமே திருமுழுக்கு அளித்தனர். கன்னோன் என்னும் பௌத்தத் திருவுருவின் சாயலில் அன்னை மரியாவை வைத்து வணங்கினர். 1865 மார்ச்சு 17ஆம் நாள், உரக்காமி ஊரார் சிலர் அவ்வாலயத்துள் நுழைந்து, பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தங்கள் விசுவாசமும் அவரது விசுவாசமும் ஒன்றே என்று மெல்லக் கூறினர். அவர்கள் விசாரித்தது அன்னை மரியாவின் திருவுருவம் எங்கே என்று.

இரண்டாவது ஹஷிமா என்னும் தீவு. நாகசாகித் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குட்பட்ட படகுப் பயணம். கடலடியில் நிலக்கரி வெட்டுவதற்காக, ஆறு எக்டேர் அளவேயான பாறையில் ஒரு நகரத்தையே எழுப்பினர். 1959இல் அங்கு 5,259 பேர் வாழ்ந்தனர். போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு அச்சுரங்கத்தில் துன்புற்றனர் என்பதும் அதன் வரலாறே. நிலக்கரியின் இடத்தைப் பெட்ரோலியம் பிடித்தது. 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலுக்குள் தீவில் ஒருவரும் இல்லை. மாடிவீடுகள் மட்டும் இன்றும் காற்றில் சிதைந்து நிற்கின்றன.

இதைக் கேட்டதும் தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கரி தீர்ந்தால் ஊரும் போய்விடுமா, சாமி?” என்றார். நெய்வேலியும் கரியால் எழுந்த நகரமன்றோ? அக்கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை. சக்குபேய் யமமோத்தோ என்பவரைப் பற்றிச் சொன்னோம். கியூஷு தீவிலுள்ள சிக்குஹோ நிலக்கரி வட்டாரத்தில் சிறுவயது முதல் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். அறுபது வயதைக் கடந்தபின், தாம் கண்ட வாழ்வைப் பேரப்பிள்ளைகள் அறியவேண்டும் என்று தூரிகை எடுத்தார். கரி வெட்டிய ஆடவர், கூடை இழுத்த பெண்டிர், குளித்தல், உண்ணல், விபத்து என அனைத்தையும் வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினார். 1984இல் அவர் மறைந்தார். 2011இல் அவ்வோவியங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஜப்பானிலிருந்து அப்பதிவேட்டில் ஏறிய முதற்பதிவு அதுவே.

அதுவரை பேசாதிருந்த பாட்டி கேட்டார்: “அந்த ஊரிலும் நாற்று நடுவார்களா, சாமி?” மே, ஜூன் திங்களில்தான் அங்கு நடவு என்றும், இப்போது பெரும்பாலும் இயந்திரமே நடுகிறது என்றும் சொன்னோம். உணவுக்கு முன் ஒவ்வொருவரும் ‘இத்தாதாக்கிமாஸ்’, அதாவது ‘பணிந்து பெற்றுக்கொள்கிறேன்’, என்று கூறியே உண்பர் என்பதையும் சொன்னோம். “அப்படியானால் போய்வரட்டும். சோற்றை மதிக்கிறவர்கள் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாம்” என்றார் பாட்டி. தகப்பனார் மறுக்கவில்லை. ஆயினும் வட்டிக்கு ஒரு காசும் வாங்கலாகாது என்று நாம் கண்டிப்பாய்க் கூறினோம், அவரும் ஒப்பினார்.

மகளுக்கு நாம் இட்ட நிபந்தனை ஒன்றே. திரும்பி வந்ததும் ஒரு குறிப்பேடு வாங்கிப் பாட்டியின் அருகில் அமர வேண்டும். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மடையிலிருந்து நீர் பாய்ந்தது, களத்துமேடு எங்கிருந்தது, முதற்கதிர் யாருக்குச் சென்றது என்று கேட்டு எழுத வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இத்தகைய பயணத்திற்குப் பிள்ளை பெயர் கொடுக்குமுன், உடன் வரும் ஆசிரியர் யார், தங்குமிடம் எது, செலவு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பணமில்லையென்று சோர்ந்துவிட வேண்டா. ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014இல் தொடங்கிய ‘சக்குரா’ திட்டத்தின்கீழ், பிற நாட்டு இளைஞர்கள் குறுகிய காலப் பயணமாக அந்நாட்டிற்கு அழைக்கப்படுகின்றனர். இத்தகைய வாய்ப்புகளைக் குறித்துக் கல்லூரியில் விசாரித்து அறியலாம்.

அப்பெண் திரும்பிவிட்டாள். சென்ற ஞாயிறு இளையோர் கூட்டத்தில் பேசினாள். கடல் அமைதியாயிருந்ததால் ஹஷிமாவில் இறங்க முடிந்ததென்றும், இடிந்த வீடுகளுக்குள் எவரையும் விடாமல் ஒரு குறுகிய பாதையிலேயே நடத்திச் சென்றார்களென்றும் சொன்னாள். கூட்டம் கலைந்தபின் குறிப்பேட்டை நம்மிடம் காட்டினாள். ஜப்பானைப் பற்றிப் பன்னிரண்டு பக்கங்கள். பாட்டி சொன்னவை முப்பத்தொரு பக்கங்கள், இன்னும் முடியவில்லை.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைபெறுவதாக.