கூட்டு மருந்தில் குணமளித்தது எது?



குடல் நோய்களைப் பற்றி வாய்திறந்து பேச நம் இல்லங்களில் பலரும் கூசுகின்றனர். மலத்துடன் இரத்தம் போனால், மூலமாக இருக்கும் என்று தாமே முடிவுகட்டி, மாதக்கணக்கில் மறைத்து வைப்போர் உண்டு. இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் ஒன்றுதான் பெருங்குடல் புண் அழற்சி. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுவர். பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கிப் புண்ணாகும். இரத்தமும் சளியும் கலந்து கழிச்சல் உண்டாகும். சில காலம் தணிந்திருந்து மீண்டும் தலைதூக்குவது இதன் இயல்பு.

ஐம்பதுகளுக்கு முன்னர் இந்நோய் கடுமையாகத் தாக்கினால் பலர் உயிரிழந்தனர். இன்று சிறந்த மருத்துவமனைகளில் அந்த இழப்பு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிற்குக் குறைந்துள்ளது. இம்மாற்றத்திற்கு அடிகோலியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பணியாற்றிய மருத்துவர் சிட்னி ட்ரூலவ்.

அக்காலத்தில் கார்ட்டிசோன் புதிய மருந்து. அதனைப் புகழ்ந்தோரும் இருந்தனர், அஞ்சியோரும் இருந்தனர். ட்ரூலவ், பேராசிரியர் விட்ஸ் அவர்களுடன் இணைந்து 210 நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குக் கார்ட்டிசோனும், மறு பிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. 1955ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் முற்றிலும் தணிந்தது. மற்றவர்களில் 16 பேருக்கே அவ்வாறு தணிந்தது. எனினும் அதே மருந்தைத் தொடர்ந்து உண்பது நோய் திரும்புவதைத் தடுக்காது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

நோயின் கடுமையை அளக்க அவ்விருவரும் வகுத்த அளவுகோல் இன்றளவும் மருத்துவர்களுக்குத் துணைநிற்கிறது. நாளொன்றுக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் இரத்தக் கழிச்சல், அதனுடன் காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90க்கு மேற்படுதலோ, இரத்தசோகையோ இருப்பின் அது கடும் தாக்குதல். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தே தீர வேண்டும்.

நோய் திரும்பாமல் காத்த மருந்து வேறொன்று. அதன் பெயர் சல்ஃபாசலாசின். மூட்டுவாதத்திற்கென ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் உருவாக்கிய கூட்டு மருந்து அது. சல்ஃபாபிரிடின், 5-அமினோசாலிசிலிக் அமிலம் என்னும் இரண்டும் அதில் பிணைந்துள்ளன. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுக்கின்றன. மருந்து பலருக்குப் பயன் தந்தது. ஆயினும் குமட்டல், தலைவலி, தோல் தடிப்பு ஆகியவற்றால் சிலர் அதனைக் கைவிட நேர்ந்தது. ஆண்களுக்கு மகப்பேற்றுத் தடையையும் அது உண்டாக்குவதும், நிறுத்தினால் அது நீங்குவதும் பின்னர் அறியப்பட்டன.

அப்படியாயின் குணம் தருவது எந்தப் பாதி? தீங்கு செய்வது எந்தப் பாதி?

வங்காளதேசத்தைச் சேர்ந்த மருத்துவர் ஏ.கே. ஆசாத் கான், ஆக்ஸ்போர்டில் ட்ரூலவின் வழிகாட்டுதலில் இதற்கு விடை தேடினார். முழு மருந்தும் அதன் இரு பாதிகளும் தனித்தனியே, எனிமா முறையில் நோயாளிகளுக்குத் தரப்பட்டன. மருந்து புண் உள்ள இடத்தையே நேராகச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே இம்முறை. 1977இல் வெளியான முடிவு ஐயத்தைத் தீர்த்தது. 5-அமினோசாலிசிலிக் அமிலம் முழு மருந்துக்கு இணையாகக் குணமளித்தது. சல்ஃபாபிரிடினால் பெரும் பயனில்லை. பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அந்தப் பயனற்ற பாதியையே சார்ந்தவை. குணமளிக்கும் பாதியைக் குடலுக்குச் சுமந்து செல்லும் வாகனமாக மட்டுமே அது இருந்தது!

அதன்பின் குணமளிக்கும் பாதியைத் தனியே, குடலில் உரிய இடத்தில் கரையுமாறு மேலுறையிட்டுத் தயாரித்தனர். மெசலசின் என்னும் பெயரில் அது இன்று உலகெங்கும் வழங்கப்படுகிறது. ஆசாத் கான் தாயகம் திரும்பி, பிற்காலத்தில் வங்காளதேச நீரிழிவுச் சங்கத்தின் தலைவராகவும் அரும்பணி ஆற்றினார்.

நேயர்களே, இவ்வரலாற்றில் நமக்கும் பாடம் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையெனில் அதனைத் தூக்கி எறிந்துவிட்டு வாளாவிருத்தல் கூடாது. மருத்துவரிடம் சென்று சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. நோய் தணிந்துவிட்டதென்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். நோன்புக் காலத்தில் நேரத்தை மாற்ற வேண்டுமாயின் முன்கூட்டியே கலந்து பேசுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இரத்தம் கண்டால் மறைக்காதீர்கள். உங்கள் வீட்டில் வளரும் பிள்ளையோ, வயதான தாயாரோ கூச்சத்தால் மௌனமாயிருக்கக்கூடும். கனிவோடு கேட்டறியுங்கள். தக்க காலத்தில் கேட்கும் அந்த ஒரு கேள்வி, ஓர் உயிரைக் காக்கும்.