நண்பனுக்காக ஒரு கையெழுத்து

ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஒருபுறம் பிரம்மஞான சபையின் தோட்டம், இன்னொருபுறம் பெசன்ட் நகர். குப்பத்தின் பெயரில் இருக்கும் கர்னல் ஒல்காட் அந்தச் சபையின் முதல் தலைவர். நகரின் பெயரில் இருக்கும் அன்னி பெசன்ட் அவருக்கு அடுத்தவர். சென்னை கண்ட மிகப் பிரபலமான குழந்தைப் பராமரிப்பு உரிமை வழக்கு அந்தத் தோட்டத்துக்குள்ளிருந்துதான் கிளம்பியது. தன் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் விட்டிருந்த நாராயணய்யா, 1912-ல் அவர்களைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்கு வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார்; 1878-ல், நாத்திகம் பேசுகிறவர் என்று சொல்லி, இங்கிலாந்து நீதிமன்றம் அவரிடமிருந்து மகள் மேபலைப் பிரித்து, விலகி வாழ்ந்த கணவரிடம் கொடுத்திருந்தது. சென்னை வழக்கில் பெசன்ட்டின் சபைத் தோழர் லெட்பீட்டர் மேல் சொல்லப்பட்ட மோசமான புகாருக்குச் சாட்சியாக வந்து நின்றவர்களில் ஒருவர் வீட்டு வேலைக்காரர். தான் பார்த்ததாகச் சொன்னார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் அந்தப் புகார் நிரூபிக்கப்படவில்லை என்றார். ஆனாலும் பிள்ளைகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார். மறு ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில் அந்த உத்தரவையும் ரத்து செய்தது. சிறுவர்களின் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடந்துவிட்டது என்பது அது சுட்டிய முக்கியக் குறை.

நூறாண்டு கழித்தும் பராமரிப்பு உரிமை வழக்கில் முதலில் தேடப்படுவது, எதிராளியின் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்ல ஒரு கண். இப்போது அது ஆப், ஜிபிஎஸ் கருவி, கால் ரெக்கார்டு. ஆனால் அதைப் பொருத்திக் கொடுக்க இன்றும் ஓர் ஆள் வேண்டும்.

“மச்சி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவ போன்ல ஒண்ணு போட்டுக் குடுடா. புள்ளைக்காகத்தான் கேக்கறேன்.” இப்படிக் கேட்பவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பல நாள் தூங்காதவன். குழந்தை கையை விட்டுப் போய்விடுமோ என்று நிஜமாகவே பயப்படுகிறவன். தோழியிடம் வரும் வேண்டுகோள் வேறு மாதிரி இருக்கும்: “நீ ஒரு ஃபேக் ஐடி போட்டு அவர் இன்ஸ்டாவ ஃபாலோ பண்ணுடி. யார் யார் கூட சுத்தறாருன்னு தெரியணும்.” பெசன்ட் நகர் அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்பவர்களும் கார் ஓட்டுபவர்களும் வாட்ச்மேன்களும் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் வருகிறார்கள். “அண்ணே, மேடம் வண்டியில இந்தச் சின்னப் பெட்டிய சீட்டுக்கு அடியில வெச்சிடுங்க” என்று சம்பளம் தருகிறவர் சொன்னால் மறுப்பது எளிதா? விவகாரம் போலீசுக்குப் போகும் நாளில் சொன்னவருக்கு வக்கீல் இருப்பார். வைத்தவருக்கு எதிராக சிசிடிவி பதிவு இருக்கும்.

‘நான் சும்மா உதவிதானே செய்தேன்’ என்ற வாதத்துக்குச் சட்டம் இடம் வைக்கவே இல்லை. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதைப் பற்றியது. செல்போனும் அதில் அடங்கும். அதன் (ஜி) உட்பிரிவு, அப்படி நுழைய இன்னொருவருக்கு உதவி செய்பவரையே தனியாகப் பிடிக்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. இழப்பீடு கட்ட வேண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு உண்டு. நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ இருந்தது என்றால் பிரிவு 66 வருகிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவரின் பாஸ்வேர்டை அப்படிப் பயன்படுத்தினால் 66சி; கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் 66டி. இந்தக் குற்றங்களுக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது 84பி. போனுக்கு மாதத் தவணை கட்டியவன் நண்பனாகவே இருக்கலாம். ஆனால் அதில் இருக்கும் ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் அவன் மனைவியுடையவை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ ஓர் ஆண் கண்காணிப்பதையும் பின்தொடரும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை என்பது மத்தியச் சட்டம். தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. அந்தச் சூழலில் அது நியாயமான செயல்தான் என்று காட்ட ஒரு விலக்கு உண்டு. அதை நிரூபிக்கும் பொறுப்பு கண்காணித்தவர் தலையில். குழந்தையின் அப்பா அங்கே ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். அவருடைய கல்லூரித் தோழன் என்ன சொல்வான்?

இப்படி எடுத்த ஆதாரம் நீதிமன்றத்தில் செல்லுமா? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு வழக்கு உண்டு. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் கால் ரெக்கார்டை (அழைப்புப் பட்டியலை) எடுத்து வந்து ஆவணமாகத் தாக்கல் செய்தார். அதை நிராகரிக்கக் கேட்ட மனைவியின் மனுவைக் கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை மாற்றினார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு; அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்பது தீர்ப்பு. 2007-ல் ஆந்திர உயர் நீதிமன்றமும், தன் பெற்றோரோடும் தோழிகளோடும் மனைவி பேசியதைக் கணவர் பதிவு செய்தது சட்டவிரோதம் என்றே சொல்லியிருந்தது.

பிறகு 2025 ஜூலை 14 வந்தது. பதிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், மனைவியோடு தான் பேசிய தொலைபேசி உரையாடல்களை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்த கணவர், அதை ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் சதீஷ் சந்திர சர்மாவும் தீர்ப்பளித்தார்கள். ‘இனி ரகசியமாக எதையும் ரெக்கார்ட் பண்ணலாம்’ என்று பலர் இதைப் புரிந்துகொண்டிருப்பதுதான் ஆபத்து. அந்தப் பதிவில் ஒரு குரல் கணவருடையது. மூன்றாவது மனிதர் ஒருவர் மனைவியின் போனுக்குள் புகுந்த கதை அது இல்லை. தம்பதிகள் தங்களுக்குள் நடத்தும் வழக்குக்குச் சாட்சியச் சட்டம் தரும் சலுகையை வைத்தே அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நண்பன் அந்தத் தம்பதியில் யாரும் இல்லை. ஓர் ஆதாரத்தை நீதிமன்றம் பார்க்கச் சம்மதிப்பதும், அதை எடுத்த விதம் குற்றமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். திருட்டுத்தனமாக எடுத்ததும் செல்லும் என்று 1972-லேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்தவருக்கு அது மன்னிப்பு வழங்கவில்லை.

யாரும் முன்கூட்டி யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒரு பகுதியில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் ஒருவர் இன்னொன்றில். பரமக்குடிக் கணவர் தானே சான்றளித்துக்கொண்டது தீர்ப்பில் குறையாகவே வந்தது. ஆப் போட்டு, தகவல்களைத் தன் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தவன் நண்பன் என்றால் அங்கே கையெழுத்திட வேண்டியவனும் அவனே. எந்த நாளில், எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுத்தேன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்கிறான். கையெழுத்திட மறுத்தாலும் தடம் போய்விடாது: ஆப் வாங்கிய யுபிஐ கட்டணம், பதிவு செய்த மின்னஞ்சல், ஜிபிஎஸ் கருவியில் இருக்கும் சிம், பார்சல் வந்த முகவரி.

கால் ரெக்கார்டு வாங்கித் தரத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று கிளம்புபவர்கள், மகாராஷ்டிரத்தின் தானே நகரப் போலீஸ் 2018-ல் நடத்திய வேட்டையை நினைத்துக்கொள்ளலாம். அதை விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் வரிசையாகக் கைதானார்கள். வாங்கியதாகச் சொல்லி ஒரு வழக்கறிஞரும் கைதானார். கைது செய்த முறை சரியில்லை என்று உயர் நீதிமன்றம் பின்னர் அவரை விடுவிக்கச் சொன்னது. இப்போது அதைவிடக் கடுமை. 2024 ஜூன் 26 முதல் அமலில் உள்ள 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு, அழைப்புப் பட்டியலை அத்துமீறி எடுப்பதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 2 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

உதவியவர் எப்படி மாட்டுவார் என்பதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2011-ல் முடிந்த வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. பிரிந்த கணவரோடு மகளுக்காகப் போராடிய ஒரு தாய், குழந்தையின் கரடி பொம்மைக்குள் பதிவுக் கருவியைத் தைத்து வைத்தார். குழந்தை போன இடமெல்லாம் கரடி போனது. அங்கே பேசிய அத்தனை பேருடைய பேச்சும் பதிவானது. அதைக் கணினிக்கு மாற்றிக் குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தவர் குழந்தையின் தாத்தா. பராமரிப்பு உரிமை வழக்கு நடந்த நீதிமன்றம் அந்தப் பதிவுகளை ஏற்கவில்லை. ஒட்டுக்கேட்கப்பட்டவர்கள் வழக்குப் போட, ஆளுக்கு 10,000 டாலர் வீதம் இழப்பீடு தரத் தாய்க்கு உத்தரவானது. தாத்தாவுக்கும்தான். தாத்தா பேத்தி மேல் கொண்ட பாசத்தில் செய்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

குழந்தைக்கு ஆபத்து என்ற பயம் உண்மையாக இருந்தால் காத்திருக்கவே கூடாது. 1098-ஐ அழைக்கலாம், இடைக்கால உத்தரவு கேட்டு அவசர மனு போடலாம். கால் ரெக்கார்டு நிஜமாகவே தேவை என்றால் நீதிமன்றம் வழியாக அதை வரவழைக்க மனுப் போடும் வழி இருக்கிறது. வழக்குப் போடும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நண்பன் செய்ய நிறைய இருக்கிறது: வழக்கில் இருப்பவருக்கே வந்த மெசேஜ்களைத் தேதியோடு எடுத்து வைக்க உதவலாம், உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வாய்தா தோறும் கூடப் போகலாம், குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்கலாம். அங்கே கண்ணால் கண்டதைச் சாட்சியாகச் சொல்ல எந்தச் சட்டமும் தடுக்காது.

ஏற்கெனவே ஆப் போட்டுக் கொடுத்துவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஆதாரமாகக் கூடியதை அழிப்பது தனிக் குற்றம். நண்பனின் வக்கீலிடம் போகாமல், உங்களுக்கென்று வேறொரு வக்கீலைப் பாருங்கள். ‘இதையெல்லாம் எடுத்தது என் சிநேகிதன்தான்’ என்று நண்பன் சொல்ல நேர்ந்தால், அந்த வக்கீல் அவன் பக்கம்தான் பேசியாக வேண்டும்.