இருளிசையும் தம்பூராவும்
பெங்களூர் சாமராஜப்பேட்டையில் ராமசேவா மண்டலி 1939-இல் தொடங்கிய ராமநவமிக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்குத் தம்பூராவின் நாதம் புதிதன்று. பாட்டின்றி அத்தகைய நாதம் மட்டும் நீண்டு ஒலித்தால் எப்படியிருக்கும்? நம் பிள்ளைகள் ஹெட்போன் அணிந்து கேட்கும் ‘டார்க் ஆம்பியன்ட்’ ஏறக்குறைய அவ்விதமானதே.

பிரிட்டிஷ் இசைஞர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென அமைதியான இசைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அவ்வழியிலேயே அச்சமும் தனிமையும் தொனிக்கும் இருளிசையும் வளர்ந்தது. லஸ்ட்மார்ட் என்பவரின் ‘ஹெரஸி’ தொகுப்பில் (1990) குகைகளிலும் நிலவறைக் கல்லறைகளிலும் பதிவு செய்த ஒலிகள் உள்ளன.

இதில் ராகமும் தாளமும் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். சுருதியில் மனத்தை நிறுத்துவதுபோல், ஒலியைக் குறைத்து வைத்துப் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் அவர்களருகில் அமர்ந்து கேட்பதே பெரியோர்க்கு அழகு.