வீட்டுக்குள் விழுந்தவர்களுக்கும் 48 மணி நேரம்

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குள் அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். முதல் இரண்டு நாளில் செய்வதைப் பொறுத்தே உயிர் தங்கும் என்று மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை ஓர் அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது. பாராட்ட வேண்டிய காரியம்.

அதே இரண்டு நாள்களில் உயிர் ஊசலாடும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களை எந்த லாரியும் இடிப்பதில்லை. விடிகாலை நான்கு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, விளக்கைப் போட்டால் பிள்ளைகள் தூக்கம் கெடுமே என்று இருட்டிலேயே நடந்து, கழிவறை வாசலில் கிடக்கும் ஈர மிதியடியில் கால் வழுக்கி விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிகிறது. உலக அளவில் எடுக்கப்பட்ட கணக்குகளைப் பார்த்தால், இப்படி முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பல புற்றுநோய்களுக்கு இணையான எண்ணிக்கை இது. ஆனாலும் புற்றுநோய் என்றதும் பதறும் வீடு, “பாட்டி விழுந்துட்டாங்க” என்றதும் தைலத்தைத்தான் தேடுகிறது.

அந்த முதல் மணி நேரத்தைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கீழே கிடப்பவரால் எழுந்திருக்க முடியாது. வலி இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் தொடையிடுக்கில்தான் சுரீரென்று பிடிக்கும். படுக்கவைத்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இதைக் கண்டுகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். ஆனால் சில முறிவுகளில் எலும்பு விலகாமல் ஒன்றோடொன்று செருகிக்கொண்டு நிற்கும். அப்போது கால் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும், சிலர் நொண்டியபடி நடக்கவும் செய்வார்கள். “நடக்கிறாங்களே, சுளுக்காத்தான் இருக்கும்” என்று இரண்டு நாள் ஒத்தடம் கொடுக்கப்படும். மூன்றாம் நாள் அந்த எலும்பு முழுதாக விலகும்.

பிறகு கட்டு. ஆந்திரத்தின் புத்தூரில் தலைமுறைகளாகப் போடப்படும் கட்டின் பேரில் தமிழ்நாட்டின் ஊர் ஊராகப் பலகைகள் தொங்குகின்றன. மணிக்கட்டிலோ முன்கையிலோ விலகாத விரிசல் என்றால், அசையாமல் கட்டிவைத்தால் எலும்பு கூடிவிடும். மாவுக்கட்டின் தத்துவமும் அதுதான். இடுப்பு அப்படியல்ல. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்தையும் தண்டையும் இணைப்பது ஒரு கழுத்து. உடம்பிலேயே பெரிய தசைகள் அதைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கின்றன. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே இருக்கும் அந்த இழுவையை நிறுத்த முடியாது. மேலும், பந்துக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாக. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகக்கூடும். ரத்தமில்லாத பந்து செத்துவிடும். அதனால்தான் வயதானவர்களுக்கு அங்கே பெரும்பாலும் திருகு போடாமல், பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தைப் பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் கம்பியோ பிளேட்டோ வைத்து நிறுத்திவிடலாம்.

ஆளைக் கொல்வது முறிவைவிட, அதற்குப் பின் வரும் படுக்கை. மல்லாந்தே கிடப்பவரின் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா ஆகிறது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி நெஞ்சுக்கு ஏறுகிறது. முதுகின் கீழே தோல் சிவந்து, பிய்ந்து, புண்ணாகிறது. பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பாட்டிகள் ஏராளம். சிறுநீரகம் அதற்குக் கணக்குத் தீர்க்கிறது. இரவானால் இறந்துபோன கணவரைக் கூப்பிடுவார்கள், கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்குவார்கள். வீட்டார் “புத்தி பேதலிச்சுப்போச்சு” என்று அழுவார்கள். வலியும் நீர்ச்சத்துக் குறைவும் தூக்கமின்மையும் சேர்ந்து வரவழைக்கும் தற்காலிகக் குழப்பம் அது. கவனித்தால் பலருக்கும் தெளியும்.

படுக்கை எவ்வளவு வேகமாக உடம்பைத் தின்கிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சின்னச் சோதனை போதும். 2007இல் வெளியான அந்த ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி. 80 வயதில், எலும்பு முறிந்து, அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடப்பவருக்குப் பத்து நாள் என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் குடும்பத்தின் அந்த வாக்கியம் வருகிறது: “வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்க மாட்டாங்க.” அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தலைகீழான கணக்கு. கத்தியைத் தாங்காத உடம்பு இரண்டு மாதப் படுக்கையை எப்படித் தாங்கும்? வலி தீர்வதற்கும், உட்காரவைத்துச் சோறு ஊட்டுவதற்கும்கூட அந்த எலும்பு நிலைபெற்றாக வேண்டும். உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு வயது ஒரு தடையல்ல.

பிரிட்டனின் எலிசபெத் அரசியுடைய தாயார் 1998 ஜனவரியில் சாண்ட்ரிங்காமில் குதிரை லாயத்தைப் பார்க்கப்போன இடத்தில் விழுந்தார். வயது 97. அன்றிரவே லண்டனில் அறுவைசிகிச்சை. 2002 மார்ச் வரை, 101 வயதுவரை வாழ்ந்தார். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2019 மே மாதம் வான்கோழி வேட்டைக்குக் கிளம்பும்போது விழுந்தபோது வயது 94. ஜார்ஜியாவில் ஒரு சிறு நகர மருத்துவமனையில் அன்றே அறுவைசிகிச்சை ஆனது. 2024 டிசம்பரில் 100 வயதில்தான் இறந்தார். நம் நாட்டிலும் ஒன்று: தெலங்கானாவின் முன்னாள் முதல்வர் கே.சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் பண்ணை வீட்டுக் குளியலறையில் இரவில் விழுந்தார். மறுநாள் மூட்டு மாற்று. அதற்கு அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து அடி எடுத்துவைத்தார். வயது 69.

இவர்களுக்குக் கிடைத்த வசதி எல்லோருக்கும் கிடைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வசதியில் முக்கியமான பங்கு விலையுயர்ந்த கருவிகளுக்கு இல்லை. சீக்கிரம் அறுவைசிகிச்சை, மறுநாளே எழுப்பி நிற்கவைப்பது, பக்கத்தில் ஒரு முதியோர் நல மருத்துவர். இவ்வளவுதான்.

இங்கிலாந்து இதைக் கணக்கெடுத்தே நிரூபித்தது. எலும்பு மருத்துவரும் முதியோர் நல மருத்துவரும் ஒரே வார்டில் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் முறையை ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு மருத்துவர் முன்னரே வேரூன்றச் செய்திருந்தார். 2007இல் இடுப்பு எலும்பு முறிவுக்கென்றே தேசியப் பதிவேடு வந்தது. எந்த மருத்துவமனையில் எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில் அறுவைசிகிச்சை, 30 நாளில் எத்தனை பேர் உயிரோடு என்று எல்லாம் பதிவானது. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்து, முதியோர் நல மருத்துவரும் பார்த்திருந்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் என்றார்கள். 2007இல் இடுப்பு முறிந்தவர்களில் 10.9 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இறந்தார்கள். 2011இல் அது 8.5 ஆனது, பிறகு மேலும் இறங்கியது. புதிய மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை எண்ணிப்பார்த்து, நேரத்துக்குச் செய்தார்கள்.

அப்படியானால் எவ்வளவு சீக்கிரம்? 17 நாடுகளில், இந்தியா உட்பட, 69 மருத்துவமனைகளில் 2,970 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. முறிவு உறுதியானதிலிருந்து சராசரியாக ஆறு மணி நேரத்தில் அறுவைசிகிச்சை செய்த குழுவையும், 24 மணி நேரத்தில் செய்த குழுவையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆறு மணி நேரக் குழுவில் மனக்குழப்பம் குறைவு, எழுந்து நின்றது சீக்கிரம், வீடு திரும்பியதும் சீக்கிரம். ஆகவே நள்ளிரவில் ஓடிப்பிடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நம் ஊர்ப் பிரச்சினை ஆறுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் இல்லை. ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கிறது, அதுவும் நாள் கணக்கில். தில்லியின் பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்றில், விழுந்த அன்றே வந்து சேர்ந்தவர்கள் சிறுபான்மைதான். வந்த பிறகும் காத்திருப்பு: எக்கோ எடுக்க வேண்டும், இதய மருத்துவர் ‘பிட்னஸ்’ தர வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும், காப்பீட்டு ஒப்புதல் வர வேண்டும், தியேட்டர் காலியாக வேண்டும். விபத்தில் கால் நசுங்கிய இளைஞர் வந்தால் பாட்டியின் முறை நாளைக்குத் தள்ளிப்போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாட்டிக்கு அவசரம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைக்கத் தமிழ்நாட்டால் முடியும். நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் கூடிய மாநிலம் இது. 2021 மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. முதியோர் மருத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய இடமும் இதுதான்: டாக்டர் வ.செ.நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. அவற்றைக் கோத்து, 60 வயதுக்கு மேற்பட்டவரின் இடுப்பு எலும்பு முறிவையும் 48 மணி நேரக் கணக்குக்குள் கொண்டுவந்து, மாவட்ட வாரியாகப் பதிவேடு வைப்பதுதான் பாக்கி.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டமும் வேண்டும்: எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து கொடுத்தாயிற்றா? நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிகிறது என்றால் அந்த எலும்பு ஏற்கெனவே மெலிந்துபோயிருக்கிறது என்று பொருள். அடுத்த இடுப்பும் வரிசையில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் ‘ஸோலெட்ரானிக் அமிலம்’ என்ற மருந்தை, இடுப்பு முறிவுக்கு அறுவைசிகிச்சையான 90 நாளுக்குள் கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. இங்கேயோ பலர் தையல் பிரித்த கையோடு கால்சியம் மாத்திரைச் சீட்டுடன் அனுப்பப்படுகிறார்கள்.

விழாமல் தடுப்பதிலும் கைக்கு எட்டும் ஒன்று உண்டு. நாட்டிங்ஹாமில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், கண்புரையை முதல் கண்ணில் தாமதிக்காமல் அகற்றிக்கொண்டவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கண்புரை முகாமுக்குப் பேருந்து அனுப்பி ஊர் ஊராக அழைத்துவரும் பழக்கத்தை மதுரை அரவிந்த் மருத்துவமனை நாட்டுக்கே காட்டியிருக்கிறது. அந்த முகாமுக்கு வரும் ஒவ்வொரு பாட்டியிடமும் “இந்த வருஷம் எத்தனை தடவை விழுந்தீங்க?” என்று கேட்டு, விழுந்தேன் என்பவரின் மாத்திரைப் பையை ஒருமுறை திறந்துபார்க்கலாம். தூக்க மாத்திரையும் அளவு கூடிய பிரஷர் மாத்திரையும் அதில் இருந்தால், நாளை விடிகாலை நான்கு மணிக்கு அவர் கழிவறைக்கு எழுந்திருப்பதற்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.