மன்னாரில் காணப்பட்ட புதிய கொசுவும் நம் வீட்டு நீர்த்தொட்டியும்

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் அங்குப் பதிவாகியிருந்தது. சான்று கிடைத்த மூன்றே மாதங்களில், 2016 டிசம்பரில், மன்னாரில் வழக்கமான கண்காணிப்பின்போது அத்தீவில் அதுவரை பதிவாகாத ஒரு கொசு இனம் கண்டறியப்பட்டது. அதன் பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்சி. நமக்கு இது புதிய கொசு அன்று. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பி வருவது நெடுங்காலமாக இதுவே.

பழைய அண்டை வீட்டுக்காரரைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். இலங்கையில் முன்பு மலேரியாவைப் பரப்பிய முதன்மைக் கொசு, ஆற்றுப் படுகையில் தேங்கும் நீரில் வளர்வது. வறட்சியில் ஆறுகள் வற்றிக் குட்டைகளான 1934–35இல் அங்கு நேர்ந்த பெருங்கொள்ளைநோய் இதனால் விளைந்ததே. ஸ்டீபன்சியோ கிணறு, சிமென்ட் தொட்டி, மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றின் தெளிந்த நீரில் பெருகும். ஆறில்லாத நகரத்திலும் அதற்கு இடமுண்டு.

ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இக்கொசு 2012இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அங்குப் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் அவ்வெண்ணிக்கை 73,000ஐக் கடந்தது. கொசு ஒன்றையே முழுக் காரணமாகக் கூறுவது மிகையாகலாம். ஆயினும் அதன் பங்கு பெரிது என்பதில் வல்லுநர்களுக்கு ஐயமில்லை. மன்னாரில் அந்நிலை நேரவில்லை. நோய் இல்லாத காலத்திலும் கொசுவைத் தேடும் பணி அங்கு நிற்கவில்லை. கண்ட இடமும் நாளும் பதிவாயின. அக்கிணறுகளில் உடனே புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. நோய் இல்லாதபோது கொசுவைத் தேடுவது வீண்செலவு என்று கருதுவோர் நம்மிடையேயும் உள்ளனர். அவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய பதிவைத் தொடங்கி வைப்பவர் எப்போதும் அறிவியலாளராக இருப்பதில்லை. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஏடிஸ் ஜப்போனிகஸ் என்னும் அயல் கொசு 2018இல் தெரியவந்தது, பொதுமக்களில் ஒருவர் அனுப்பிய ஒளிப்படத்தால்தான்.

நம் வீட்டுத் தொட்டியில் புழுக்களைக் கண்டால் கூர்ந்து நோக்குங்கள். அனாபிலஸ் புழு நீர்ப்பரப்பையொட்டிப் படுத்தவாறு மிதக்கும். டெங்குக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இன்ன இனம் என்று உறுதிசெய்வது பூச்சியியல் வல்லுநரின் வேலை. நீங்கள் முயல வேண்டாம். கண்ட நாள், இடம், நீர் இருந்த கலம் ஆகியவற்றைக் குறித்து, இயன்றால் படமும் எடுத்து, சுகாதார ஆய்வாளரிடம் தெரிவியுங்கள். அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். பிறகு தொட்டியைக் காலிசெய்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, இடைவெளியின்றி மூடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை இதனைச் செய்ய வேண்டும். ஆய்வாளர் கிணற்றை எட்டிப் பார்க்க வரும்போது கதவைத் திறந்துவிடுவதும் பேருதவியே.

கொசுவைப் பதிவது பாதி வேலை. காய்ச்சலைப் பதிவது மறுபாதி. முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களில் காய்ச்சல் வந்தால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அதனால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி தறியில் அமர்வோர் பலர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் குளிருடன் காய்ச்சல் கண்டால், மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். அண்மையில் சென்று தங்கிய ஊர்களை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். நோயாளி சோர்ந்திருந்தால் உடனிருப்பவர் சொல்லலாம்.

வைவாக்ஸ் வகை மலேரியா என்று உறுதியானால், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் மாத்திரை 14 நாட்களுக்குத் தரப்படும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது தரப்படுவதில்லை. மாத்திரையால் சிறுநீர் கருத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்துவிடும். எஞ்சிய மாத்திரைகள் அலமாரியில் தங்கிவிடுவது அப்போதுதான். பதினான்காம் நாள் வரை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும்.