மிருதங்கத்துக்கு ஒரு பிடி ரவை

கச்சேரிக்குச் சற்று முன்னதாகவே போய் முன் வரிசையில் உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மிருதங்க வித்வான், தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை எடுத்து, வாத்தியத்தின் இடது பக்கத்தில், அதாவது தொப்பியில், நடுவாக அப்புவார். தட்டிப் பார்ப்பார். போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் அப்புவார். உப்புமாவுக்கு ஆகிற ரவைக்கு இங்கே என்ன வேலை?

பதில் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. காலி எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் வைத்துக் கரண்டிக் காம்பால் தட்டுங்கள். 'கிண்' என்று கேட்கும். விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். சுருதி இறங்கிவிட்டதல்லவா? தட்டியதும் டம்ளரின் சுவர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்கிறது. தண்ணீரின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தால் அதிர்வு மெதுவாகிறது, சுருதி தாழ்கிறது. ஜலதரங்கத்தின் ரகசியம் இதுதான். ரவையின் ரகசியமும் இதுதான்.

"குழாயடியில் குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் ஏறுகிறதே!" என்று மடக்குவீர்கள். நியாயந்தான். ஆனால் அங்கே பாடுவது குடமல்ல, குடத்துக்குள் மிச்சமிருக்கும் காற்று. அதற்கு இடம் குறையக் குறையச் சுருதி ஏறும்.

வலந்தலையில் உள்ள கறுப்பு வட்டத்தின் கதை இதைவிடச் சுவையானது. வெறும் தோலை அடித்தால் ஒரே சமயத்தில் பல அதிர்வுகள் எழும். முதலாவது 100 என்றால் மற்றவை ஏறக்குறைய 159, 214, 230 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். அதனால்தான் வெறும் 'தொம்'. வீணைத் தந்தியிலோ 100, 200, 300 என்று கணக்காக வரும். காது அதை நாதம் என்கிறது. நடுவில் கறுப்பு வட்டத்தைச் சுமக்கும் மிருதங்கத் தோலும் தந்தியைப் போலவே கணக்காக அதிர்கிறது என்று 1920-இல் எடுத்துக் காட்டியவர் சர் சி. வி. ராமன். 1934-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தோலின் மேல் பொடி மணலைத் தூவி அடித்தால், அசையும் இடங்களை விட்டு மணல் ஓடி, அசையாத இடங்களில் கோலம் போட்டாற்போல் ஒதுங்கி நிற்கும்!

ஆனால் ராமன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த வட்டத்தை ஒட்டியாகிவிட்டது. வெந்த சோற்றையும் ஒருவகைக் கரிய கல்லின் பொடியையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்து, காதை வைத்தே கணக்குப் பார்த்தவர்கள் தோல் வேலைக்காரர்கள். கச்சேரி நோட்டீஸில் வித்வானின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் வித்வான் ரவையைத் தாமே சுரண்டி எடுத்துவிடுவார். கறுப்பு வட்டம் உதிர்ந்தால் மட்டும் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும்.