விலை கேட்க வெட்கம் ஏன்?

சிறுவயதில் சனிக்கிழமை காலைகளில் அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போவது எனக்குப் பெரிய தண்டனை. கூட்டமோ மீன் வாடையோ அதற்குக் காரணமல்ல. அம்மா பேரம் பேசுவார். வாவல் மீனின் செவுளை விரித்துப் பார்ப்பார். "என்னப்பா, போன வாரம் இந்த விலையா சொன்ன?" என்பார். இரண்டு வெள்ளி குறையும் வரை நகரமாட்டார். குறையவில்லை என்றால் விறுவிறுவென்று நடந்துவிடுவார். நான்கு அடி போவதற்குள் கடைக்காரரே கூப்பிடுவார். நானோ யாராவது பள்ளித் தோழன் பார்த்துவிடப் போகிறானே என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

அந்த வெட்கம் வளர்ந்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை என்பதை 2024ஆம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு விலை கொடுத்தவர் நான் அல்ல, என் தாய்மாமா.

மாமா குளிர்சாதனப் பழுதுபார்ப்புத் தொழில் செய்பவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறரிடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். ஊரெல்லாம் குளிரூட்டிய மனிதர் குளிர்ச்சியே இல்லாத பழைய வேனில்தான் போய்வந்தார். ஐம்பது வயதில் அவருக்கு ஓர் ஆசை. ஜெர்மானியக் கார் ஒன்று, புத்தம் புதிதாக. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் மூன்றாம் ஆண்டு. "நீ படிச்சவன், பக்கத்துல இரு மாப்பிள்ள," என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

நண்பர்களே, சொகுசுக் கார்க் காட்சிக்கூடத்திற்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? கதவைத் திறந்துவிட ஒருவர் நிற்பார். காப்பி வரும். அமரும் நாற்காலியே நம் வீட்டுச் சோபாவைவிட மெத்தென்று இருக்கும். விற்பனையாளர் மாமாவை வார்த்தைக்கு வார்த்தை "சார்" என்றார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கருவிப் பெட்டியோடு நுழைந்தவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு இனித்திருக்கும்! மாமாவின் முதுகு நிமிர்ந்ததை நானே பார்த்தேன்.

பிறகு விற்பனையாளர் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதியாக இருக்கும், சார்?"

"ஒரு ரெண்டாயிரத்து நானூறு," என்றார் மாமா.

பேரம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை, அவ்வளவுதான். காரின் விலை 285,000 வெள்ளி. அவர்கள் வழியாகவே கடன் எடுத்தால் 5,000 வெள்ளி தள்ளுபடி. ஆக 280,000. முன்பணம் 112,000. மீதி 168,000 வெள்ளிக்கு 2.88 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடன். மாதத் தவணை 2,403 வெள்ளி. மாமா கேட்டது போலவே! அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கையெழுத்தானது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கணிப்பானை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2.88 என்பது குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. முதல் நாள் வாங்கிய 168,000 வெள்ளிக்கும் ஏழு ஆண்டுகளும் முழுதாக வட்டி போடுகிறார்கள். நாம் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருவது கணக்கில் வருவதில்லை. மொத்த வட்டி 33,868 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் கடன் பாக்கியை வைத்துப் பார்த்தால் உண்மை வட்டி ஏறத்தாழ 5.4 விழுக்காடு. மறுவாரம் வங்கி ஒன்றில் விசாரித்தேன். அதே தொகைக்கு, அதே ஏழாண்டுக்கு 2.28 விழுக்காடு என்றார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 7,056 வெள்ளி. அதாவது, 5,000 வெள்ளி தள்ளுபடியைப் பெறுவதற்காக மாமா 7,056 வெள்ளி கூடுதல் வட்டிக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. எல்லாம் ஒப்பந்தத் தாளில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பார்.

"இந்த நாட்டில் கார் விலையை அரசாங்கம்தானே தீர்மானிக்கிறது? பேரம் பேச என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெருமளவு உண்மையும்கூட. மாமாவின் காரையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். பொதுச் சந்தை மதிப்பு, அதாவது இறக்குமதியாகும்போது சுங்கத்துறை மதிப்பிடும் தொகை, 50,000 வெள்ளி. அதில் 20 விழுக்காடு கலால் வரி 10,000. இவ்விரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 5,400. அடுத்தது கூடுதல் பதிவுக் கட்டணம். 2023 பிப்ரவரியில் மாற்றியமைத்த விகிதப்படி முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 190 விழுக்காடு. மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். இந்தக் காருக்கு அது 67,000 வெள்ளி. வாகன உரிமைச் சான்றிதழ், நாம் அனைவரும் சிஓஇ என்றே சொல்வது, 110,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 242,400 வெள்ளி.

விலையோ 280,000. பதிவுச் செலவு, மாசு அளவைப் பொறுத்துச் சேரும் அல்லது கழியும் தொகை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டாலும் ஏறத்தாழ 37,000 வெள்ளி மிஞ்சுகிறது. அதில்தான் கடை வாடகை, ஊழியர் சம்பளம், உத்தரவாதச் செலவு, விற்பனையாளரின் தரகு, இலாபம் எல்லாம் அடங்கும். முப்பத்தேழாயிரமும் குறையாது. ஆனால் அதற்குள் பேச இடம் உண்டு. இதில் இரகசியம் எதுவுமில்லை. கார் வகைகளின் சந்தை மதிப்பையும் சிஓஇ ஏல முடிவுகளையும் நிலப் போக்குவரத்து ஆணையமே வெளியிடுகிறது. தேர்வுக்கு எத்தனை இரவு கண்விழித்துப் படிக்கிறோம்! இதற்கு ஓர் இரவு போதும்.

கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகமில்லை. முதலில் மொத்த விலையைப் பேசி முடிக்க வேண்டும். மாதத் தவணையைப் பற்றி அதுவரை வாயே திறக்கக் கூடாது. அடுத்து, கடனையும் காப்புறுதியையும் வெளியில் எடுத்தால் விலை எவ்வளவு என்று கேட்க வேண்டும். பழைய வண்டியைக் கொடுக்கிறோம் என்றால் அதன் விலையைத் தனியாகப் பேச வேண்டும். புதிய காரில் குறைத்ததைப் பழைய காரில் எடுத்துவிடுவது எளிது. சிஓஇ உத்தரவாதமானதா, இல்லையென்றால் எத்தனை ஏலத்தில் முயல்வார்கள், சான்றிதழ் விலை இறங்கினால் நமக்கு எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. அடுத்த சில மாதங்களிலேயே பல்லாயிரம் வெள்ளி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் ஒரு வரிதான்.

வாங்காமல் நீண்டகால வாடகைக்கு எடுப்போருக்கும் இதே பாடம்தான். மாத வாடகையை மாதங்களால் பெருக்கி மொத்தத்தைப் பாருங்கள். பராமரிப்பும் காப்புறுதியும் அதில் அடக்கமா, மலேசியாவுக்கு ஓட்டிச் சென்றால் கூடுதல் கட்டணமா, விபத்து நேர்ந்தால் நம் பங்கு எவ்வளவு, பாதியில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் என்ன என்று கேளுங்கள். கடனும் அப்படியே. முன்கூட்டியே அடைத்துவிட்டால் மீதிக் காலத்து வட்டி முழுவதும் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். பல ஒப்பந்தங்களில் அப்படி ஆவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. கணக்கை ஒரு தாளில் எழுதி, பெருமையோடு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். "இத நீ அங்க சொல்லியிருக்கணும். அதுக்குத்தானே உன்ன கூட்டிட்டுப் போனேன்," என்றார். அதன் பிறகு மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவர் கோபம் நியாயமானது. ஃபிளாட் வட்டியைப் பற்றி நான் முதலாம் ஆண்டிலேயே படித்திருந்தேன். காட்சிக்கூடத்தில் ஏன் வாய் திறக்கவில்லை? அந்தக் குளிர்ந்த அறையில், அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு, "இன்னும் குறையுமா?" என்று கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். காசில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ! அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அதே பையன்தான் மாமாவின் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தான்.

இது என் ஒருவனின் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. திருமண மண்டபத்திலும் நகைக்கடையிலும் வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகைக்காரரிடமும் நாம் இதையேதான் செய்கிறோம். விலையைக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். நம் முன்னோரில் பலர் மரியாதை கிடைக்காத வேலைகளைச் செய்து நம்மைப் படிக்க வைத்தவர்கள். அதனால் மரியாதை எங்கே கிடைத்தாலும் கணக்குப் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம். ஆனால் வசதி படைத்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள் என்று அந்தத் துறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். கேட்பவரை அவர்கள் மட்டமாக நினைப்பதில்லையாம். அது அவர்களுக்கு அன்றாட வேலை.

"பத்தாண்டுச் சான்றிதழுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுப்பதே முட்டாள்தனம். எம்ஆர்டி இல்லையா?" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு விவாதம். மாமாவின் ஆசையைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் உழைத்தார், வாங்கினார். நான் வருந்துவது அவர் கார் வாங்கியதற்காக அல்ல. எங்கள் இருவரின் மௌனத்திற்கு அவர் தனியாக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக.

மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அவரே முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். சென்ற ஆண்டு, நிறுவனத்துக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றபோது மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இம்முறை நான் கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. முதலில் சொன்ன விலை குறைந்தது. பெரிய தொகை இல்லை, மாதத்துக்கு எண்பது வெள்ளி. மாமா வெளியே வந்து என் தோளைத் தட்டி, "உங்கம்மா மாதிரியே பேசுற," என்றார். சிறுவயதில் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அன்று மகிழ்ச்சியாக இருந்தது.

பட்டம் பெறப் போகும் தம்பி தங்கைகளே, உங்களையும் ஒருநாள் வீட்டில் யாராவது "நீ படிச்ச பிள்ளை, பக்கத்துல இரு," என்று அழைத்துப் போவார்கள். காராக இருக்கலாம், வீடாக இருக்கலாம், காப்புறுதித் திட்டமாக இருக்கலாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்காக அவர்கள் நம்மைப் படிக்க வைக்கவில்லை. முதல் நாளே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே போய் வாயைத் திறந்து கேளுங்கள்.